இன்சுலின் போட்டும் சர்க்கரை அடங்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பது என் வேலை. "ஊசி தவறாமப் போடறேன், சர்க்கரை மட்டும் இறங்கவே மாட்டேங்குது" என்று வருபவர்கள்தான் அதிகம். மருந்து போலி, அல்லது தன் உடம்பு இன்சுலினை ஏற்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டே வருவார்கள். அவர்கள் கொண்டு வந்த பையைத் திறந்து, ஊசி போடும் இடத்தைத் தொட்டுப் பார்த்தால், பெரும்பாலும் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

இன்சுலின் ஒரு செய்தி மூலக்கூறு. தோலுக்கு அடியிலிருந்து ரத்தத்தில் கலந்து, செல்களின் மேல்புறத்தில் இருக்கும் இன்சுலின் ஏற்பிகளில் போய் ஒட்டினால்தான் அதற்கு வேலை. ஒட்டியதும் தசையும் கொழுப்பும் சர்க்கரையை உள்ளே எடுக்கும், கல்லீரல் சர்க்கரை வெளியே விடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் செய்தி சரியாகக் கிளம்பியதா, அப்புறம் வழியில் தங்கிவிட்டதா, கடைசியாகத்தான் ஏற்பி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டையும் காசு செலவில்லாமல் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அதைப் பார்க்காமல் டோஸை ஏற்றுவதுதான் நான் காணும் பெரிய ஆபத்து.

## இதில் எது இருந்தாலும் மேலே படிக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்

சர்க்கரை 250-க்கு மேல் இருந்து, கூடவே வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழவாடை இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மீட்டர் எண்ணைக் காட்டாமல் 'ஹை' என்று காட்டினாலும், முதியவர் ஒருவர் அதிகச் சர்க்கரையோடு தூங்கி வழிந்தாலோ குழப்பமாகப் பேசினாலோ அப்படித்தான். சர்க்கரை தாழ்ந்து நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறும். ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், சாப்பிட முடியவில்லை, வாந்தி எடுக்கிறோம் என்பதற்காக இன்சுலினை முழுதாக நிறுத்திவிடக் கூடாது. உடம்புக்குள் அந்தச் செய்தியை அனுப்ப வேறு ஆளே இல்லை. எவ்வளவு போடுவது என்று மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள்.

## அறிகுறி 1: ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவே இல்லை

### முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள்

மாம்பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்தினால், ரத்தத்தில் இல்லாத சர்க்கரையும் சேர்ந்து எண்ணாக வரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். ஸ்ட்ரிப் டப்பா மூடி திறந்தே கிடந்ததா, காலாவதி தேதி தாண்டிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். ஈரக்காற்று பட்ட ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது. நல்ல மீட்டரே லேப் அளவிலிருந்து 15 சதவீதம் வரை மேலே கீழே காட்டலாம். அதனால் 180-க்கும் 195-க்கும் நடுவே பெரிய வித்தியாசம் தேட வேண்டாம்.

எண் சரியானால் கோளாறு முடிந்தது. இல்லையென்றால் அடுத்தது மருந்து.

### பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

நம் ஊரில் இது தனிப் பிரச்சினை. பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவிலும் (பேனா வடிவ ஊசிக் கருவி) அதற்கான மருந்துக் குழலான கார்ட்ரிஜிலும் வருவது பெரும்பாலும் 100 யூனிட். 100 யூனிட் பாட்டிலும் உண்டு. சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்கு உரியது சிவப்பு மூடி, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. பாட்டிலில் எழுதியிருக்கும் எண்ணும் சிரிஞ்சில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட்தான். "இருபது போடறேனே" என்று அவர் சொல்வது பொய்யில்லை, கண்ணுக்குத் தெரிவது இருபது. இதையே தலைகீழாகச் செய்தால் உயிருக்கே ஆபத்து. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் உள்ளே போய்விடும். பேனா கெட்டுப்போச்சு என்று கார்ட்ரிஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

### மருந்து வெயில் பட்டதா, உறைந்ததா?

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் கோத்த இரண்டு சங்கிலிகள், ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருக்கின்றன. அந்த மடிப்புக் கலைந்தால் ஏற்பியில் பொருந்தாது, போட்டும் பயனில்லை. திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரியில், அதாவது ஃபிரிட்ஜின் கதவிலோ நடுத்தட்டிலோ இருக்கட்டும். ஃப்ரீசர் பக்கமே வேண்டாம். ஒருமுறை உறைந்ததை உருக்கிப் போடக் கூடாது. திறந்ததை 25 முதல் 30 டிகிரிக்குள், பெரும்பாலான வகைகளை நான்கு வாரம் வரை வெளியே வைத்துக்கொள்ளலாம். சில வகைகளுக்குக் கணக்கு மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள். திறந்த தேதியைப் பாட்டில்மேல் பேனாவால் எழுதிவிடுங்கள்.

சித்திரை வெயிலில் நம் வீட்டு அலமாரி 30 டிகிரியில் நிற்காது. ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் மண்பானைக்குள் ஒரு கிண்ணம் வைத்து, பானையைச் சுற்றி ஈரமணலோ ஈரத்துணியோ போட்டு, அந்தக் கிண்ணத்தில் பாட்டிலை வைக்கலாம். நன்றாகவே குளிரும். மருந்து தண்ணீரில் மிதக்கக் கூடாது, அவ்வளவுதான். பஸ்ஸில் போகும்போது இஞ்சின் பக்கத்தில் வைத்த பையும், பைக்கின் சீட்டுக்கு அடியில் வைத்த பேனாவும் நான் அடிக்கடி பார்ப்பவை.

வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கலாகத் தெரிந்தாலோ, எந்த வகையிலும் கட்டி கட்டியாகவோ கண்ணாடியில் உறைபனி போல் ஒட்டியோ இருந்தாலோ தூக்கிப் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் புதுப் பாட்டிலை மாற்றிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை.

### பேனா என்றால்

ஊசி மாட்டி, 2 யூனிட் வைத்து, மேல்நோக்கிப் பிடித்து அழுத்துங்கள். நுனியில் சொட்டு வர வேண்டும். வராவிட்டால் திரும்பவும் செய்யுங்கள். அப்புறமும் வரவில்லையென்றால் ஊசி அடைத்திருக்கிறது, மாற்றுங்கள். போட்ட பிறகு பொத்தானை விடாமல் பத்து எண்ணி எடுங்கள். உடனே உருவினால் மருந்து தோல்மேலேயே வழிந்துவிடும். சட்டையில் ஈரம் படுகிறது என்று சொல்பவர்களுக்கு இதுதான் காரணம். போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் காற்று உள்ளே ஏறும், மருந்து கசியும்.

### எப்போது போடுகிறீர்கள்?

பழைய வகை ரெகுலர் இன்சுலினும், அது 30 பங்கும் மெதுவான இன்சுலின் 70 பங்கும் சேர்ந்த 30/70 கலவையும் ரத்தத்தில் இறங்க அரைமணி நேரம் ஆகும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போடச் சொல்கிறார்கள். சாப்பிட்டு முடித்துப் போட்டால் சர்க்கரை ஏறிய பிறகே செய்தி கிளம்பும். புது வகை வேக இன்சுலின்கள் 10, 15 நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும். அவற்றைப் போட்டுவிட்டு அரைமணி காத்திருந்தால் சாப்பாட்டுக்கு முன்பே சர்க்கரை தாழும். உங்களுடையது எந்த வகை என்று மருந்துக்கடையிலாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

### இத்தனையும் சரி, இன்னும் இறங்கவில்லை

அப்படியானால் எதிர்ச் செய்தி ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல், பல்வலி, சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண் எதுவாக இருந்தாலும் கார்டிசாலும் அட்ரினலினும் ஏறும். அவை சர்க்கரையை வெளியே விடு என்று கல்லீரலுக்குச் சொல்பவை. இரு காலின் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். வலி தெரியாத புண் அங்கே ஒளிந்திருக்கும்.

ஸ்டீராய்டு இன்னொன்று. ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் ப்ரெட்னிசலோன், மூட்டில் போட்ட ஊசி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். காலையில் ப்ரெட்னிசலோன் சாப்பிடுபவருக்கு மதியத்திலிருந்து இரவு வரை எண் எகிறும், விடிகாலையில் ஓரளவு நன்றாக இருக்கும். முட்டிவலிக்கு என்று பெயரில்லாத பொட்டலத்தில் வாங்கிய மாத்திரை இருந்தால் அதையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள், ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. எந்த ஸ்டீராய்டையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அது வேறு ஆபத்து.

இந்த இடம் வந்துவிட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

## அறிகுறி 2: ஒரு நாள் இறங்குகிறது, ஒரு நாள் இல்லை

அதே டோஸ், அதே சாப்பாடு. ஆனால் திங்கட்கிழமை 130, செவ்வாய்க்கிழமை 290. இப்படி வந்தால் நான் முதலில் கேட்பது ஊசி போடும் இடத்தை.

"எங்கம்மா ஊசி போடுவீங்க?"

"இங்கதான் கண்ணு, தொப்புளுக்குப் பக்கத்துல. அங்க போட்டா வலிக்கவே வலிக்காது."

வலிக்காது என்று சொன்னாலே எனக்குப் புரிந்துவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்துப் போகும். கொழுப்பைச் சேர்த்துவை என்பதும் இன்சுலினின் செய்திதான். தினமும் முழு மருந்தும் முதலில் அந்த இடத்துச் செல்களின் ஏற்பிகளையே தொடுவதால் அவை பெருத்துவிடுகின்றன. அங்கே வலி குறைவு, அதனால் மறுபடியும் அங்கேயே குத்தத் தோன்றும். ஆனால் அந்தத் தடிப்பிலிருந்து மருந்து ஒரு நாள் மெதுவாக இறங்கும், ஒரு நாள் பாதி தங்கிவிடும், ஒரு நாள் எல்லாம் சேர்ந்து இறங்கிச் சர்க்கரையைத் தரையில் போட்டுவிடும்.

கண்ணால் பார்த்தால் பல சமயம் தெரியாது. குளிக்கும்போது சோப்பு நுரையோடு விரல்களைத் தட்டையாக வைத்து வயிறு, தொடை இரண்டையும் மெல்லத் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும் விரல் ஓரிடத்தில் மேடேறும், அல்லது ரப்பர் போல அழுந்தாமல் நிற்கும். கிள்ளினால் பக்கத்துத் தோல் மெல்லிசாக வரும், அந்த இடம் மட்டும் கனமாக வரும். ஊசி போடும் இடமெல்லாம் இப்படித் தடவிப் பார்த்து, தடித்த இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்கு அந்த வட்டத்துக்குள் ஊசி வேண்டாம். வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பாகம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு குத்தும் முந்தியதிலிருந்து ஒரு விரலகலம் தள்ளி இருக்கட்டும்.

இடம் மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். தடிப்பில் போட்டு வந்த 30 யூனிட்டை நல்ல தோலில் அப்படியே போட்டால், முழு மருந்தும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்துவிடலாம். டோஸைக் குறைத்துத் தொடங்கச் சொல்வார்கள். முதல் வாரம் அடிக்கடி குத்திப் பாருங்கள்.

தடிப்பு இல்லையென்றால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, பால்போல் கலங்கலாக இருக்கும் இன்சுலினைக் கலக்கிப் போடுகிறீர்களா? உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழும் கவிழ்க்க வேண்டும். குலுக்கக் கூடாது. கலக்காவிட்டால் முதல் நாள்கள் தண்ணியாகவும் கடைசி நாள்கள் கெட்டியாகவும் போகும். இரண்டு, இன்று வயிறு, நாளை தொடை என்று மாறுகிறதா? ரெகுலரும் கலவையும் வயிற்றிலிருந்து வேகமாகவும் தொடையிலிருந்து மெதுவாகவும் ஏறும். காலையில் வயிறு என்றால் எல்லாக் காலையும் வயிறாகவே இருக்கட்டும். தொடையில் போட்டு உடனே சைக்கிள் மிதித்தாலும், போட்ட இடத்தில் வெந்நீர் ஊற்றினாலும் மருந்து முந்திக்கொண்டு இறங்கும்.

## அறிகுறி 3: பகலெல்லாம் சரி, விடிகாலையில் மட்டும் அதிகம்

ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் படுக்கும்போது, 3 மணிக்கு, எழுந்ததும் என்று மூன்று முறை பார்த்து எழுதுங்கள். அலாரம் வைத்து எழுந்திருப்பது கஷ்டம்தான், ஆனால் வேறு குறுக்குவழி இல்லை.

படுக்கும்போதே அதிகம் என்றால் இரவுச் சாப்பாடும் அதற்குரிய டோஸுமே விஷயம். பத்து மணிக்குப் பால், பிஸ்கட் இருக்கிறதா என்று பாருங்கள்.

படுக்கும்போது சரி, 3 மணிக்கும் சரி, காலையில் அதிகம் என்றால் விடியும் முன் வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசாலும் ஏறி, கல்லீரலைச் சர்க்கரை விடச் சொல்கின்றன. எல்லோருக்கும் நடப்பதுதான். இன்சுலின் போதுமான அளவு இருப்பவர்களுக்கு அது அடங்கிவிடும். இரவு நேர இன்சுலினின் அளவையோ நேரத்தையோ மருத்துவர் மாற்றுவார்.

3 மணிக்கு 70-க்குக் கீழ் என்றால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். காலை எண் அதிகம் என்று நினைத்து இரவு டோஸை நீங்களாக ஏற்றியிருந்தால் தூக்கத்திலேயே தாழ்ந்து போகும்.

## அறிகுறி 4: திடீர் திடீரென்று தாழ்ந்து போகிறது

முதலில் சரிசெய்யுங்கள், காரணம் அப்புறம். 70-க்குக் கீழே என்றால் குளுக்கோஸ் பவுடர் மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையும் மிட்டாயும் சீக்கிரம் கைகொடுக்காது. அவற்றை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுத்து வைத்திருக்கிறது. குளுக்கோஸே வேண்டும்.

சாதாரணக் காரணங்கள்: சாப்பாடு தள்ளிப்போனது, விரதம், வழக்கத்தைவிட அதிக வேலை, வெறும் வயிற்றில் மது. மதுவை உடைக்கும் வேலையில் இருக்கும்போது கல்லீரலால் புதிதாகச் சர்க்கரை செய்து கொடுக்க முடியாது.

இவை எதுவும் இல்லாமல், பல மாதமாகப் போட்டுவந்த அதே டோஸுக்கு இப்போது அடிக்கடி தாழ்கிறதென்றால், "சர்க்கரை குணமாயிடுச்சு போல" என்று சந்தோஷப்படுபவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அது கவலை தரும் பேச்சு. வேலை முடிந்த இன்சுலினை உடைத்துக் கழிப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தளரும்போது இன்சுலின் அதிக நேரம் ரத்தத்தில் தங்கி, ஏற்பிகளை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த வாரமே பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

## அறிகுறி 5: 50 வந்தும் ஒன்றும் தெரியவில்லை

சர்க்கரை தாழ்ந்தால் உடம்பு அட்ரினலினை அனுப்பும். அது பீட்டா ஏற்பிகளில் ஒட்டுவதால்தான் படபடப்பும் கைநடுக்கமும் வரும். ப்ரொப்ரனலால், அட்டினலால், மெட்டோப்ரலால் போன்ற மாத்திரைகள் அந்த ஏற்பிகளை அடைத்து நிற்பவை. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மட்டுமில்லை, ஒற்றைத் தலைவலிக்கும் ப்ரொப்ரனலால் கொடுப்பார்கள். மாத்திரைச் சீட்டில் இந்தப் பெயர்கள் இருந்தால் படபடப்பை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். வியர்வையை நம்புங்கள். வியர்வைச் சுரப்பிக்குச் செய்தி கொண்டு போவது அசிட்டைல்கோலின், அதன் ஏற்பி வேறு, இந்த மாத்திரை அதைத் தொடாது. காரணமில்லாமல் கழுத்தும் நெற்றியும் ஈரமானால் உடனே குத்திப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்த மாத்திரை இல்லையென்றால், அடிக்கடி தாழ்ந்து தாழ்ந்து உடம்பின் எச்சரிக்கையே மங்கிப் போயிருக்கலாம். சில வாரங்கள் ஒரு முறைகூடத் தாழாமல் பார்த்துக்கொண்டால் பலருக்கும் எச்சரிக்கை திரும்பி வருகிறது. அதுவரை இலக்கைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பதா என்று மருத்துவர் முடிவு செய்வார். வண்டி ஓட்டும் முன் கட்டாயம் குத்திப் பாருங்கள். வீட்டில் இன்னொருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

## அறிகுறி 6: டோஸ் ஏறிக்கொண்டே போகிறது, எடையும் ஏறுகிறது

மேலே சொன்ன எல்லாம் சரி, மருந்து நல்லது, இடம் நல்லது, தொற்று இல்லை. இப்போதுதான் ஏற்பியின் பக்கம் திரும்ப வேண்டும். கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கருத்து, வெல்வெட் போல் தடித்திருக்கிறதா? தேய்த்துக் குளித்தாலும் போகாது, அது அழுக்கில்லை. ரத்தத்தில் இன்சுலின் மிகுந்து, செல்கள் அதைச் சரியாகக் கேட்கவில்லை என்பதன் அடையாளம். செய்தி ஓயாமல் வந்துகொண்டிருந்தால் செல் தன் ஏற்பிகளில் சிலவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏற்பிக்குப் பின்னால் உள்ளே ஓடும் தொடரும் மந்தமாகிவிடும். இன்னும் அதிக இன்சுலின் போட்டால் எண் கொஞ்சம் இறங்கும், எடை ஏறும், மறுபடியும் டோஸ் ஏறும்.

இங்கே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. நடக்கும்போது சுருங்கி விரியும் தசை, இன்சுலின் ஏற்பியின் உத்தரவுக்குக் காத்திராமல், சர்க்கரையை உள்ளே விடும் குளூட்-4 வாயில்களைத் தானே செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவரும். சாப்பிட்டு முடித்துப் பதினைந்து நிமிட நடை, மூன்று வேளையும். ஒரு வாரம் நடந்த நாளும் நடக்காத நாளும் சாப்பாட்டுக்குப் பிந்தைய எண்ணை எழுதிப் பாருங்கள். காலில் புண், நெஞ்சுவலி இருப்பவர்கள் மட்டும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மெட்ஃபார்மின் போன்றவற்றைச் சேர்ப்பது மருத்துவர் பார்க்க வேண்டியது.

ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 யூனிட்டுக்கு மேலே போயும், அல்லது மொத்தம் 200 யூனிட் தாண்டியும் அடங்கவில்லையென்றால் உட்சுரப்பியல் நிபுணரிடம் போங்கள். முகம் உருண்டையாகிறது, லேசாகப் பட்டாலும் கன்றிப் போகிறது என்றால் உடம்பே கார்டிசாலை அதிகம் சுரக்கிறதா என்று சோதிப்பார்கள். மிக அரிதாக, உடம்பின் எதிர்ப்பொருள்கள் இன்சுலின் ஏற்பியையே போய்ப் பிடித்துக்கொள்வதும் உண்டு, லூபஸ் போல, உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் உள்ளவர்களிடம் காணப்படுவது. அதற்கான சோதனைகள் விலை கூடியவை, எல்லா லேபிலும் கிடைக்காது. போகும்போது இரண்டு வாரத்து எண்கள் எழுதிய நோட்டு, இப்போது போடும் பாட்டில் அல்லது பேனா, சிரிஞ்ச், மீட்டர், சாப்பிடும் எல்லா மாத்திரைச் சீட்டுகள், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள்.